கம்பி கட்டிய பாட்டில்

ஐந்தாம் நம்பர் கிளாஸுக்கு இருபதுக்குப் பதினேழு மார்க் போட்டவள் நான்தான். கையெழுத்தும் என்னுடையதுதான். அந்தத் தாளின் நகலை இன்னும் வைத்திருக்கிறேன். எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் கோபம் பற்றிக்கொண்டு வருகிறது. முதலாளி மேல் பாதி, என் மேல் பாதி.

இப்போதெல்லாம் வைன் ருசிப்பதற்கென்றே கோர்ஸ் முடித்த பிள்ளைகள் வந்து, "மேடம், அந்தக் காலத்துல நீங்கல்லாம் எப்படி டேஸ்ட் பண்ணுவீங்க?" என்று கேட்கிறார்கள். சொல்கிறேன். கேட்டுவிட்டு "ஸோ ஸ்வீட் மேடம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். இது இனிப்பான சமாசாரம் இல்லை.

துப்புகிற வேலை

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில், கெமிஸ்ட்ரியில் எம்.எஸ்ஸி. முடித்த கையோடு பெங்களூர் பீன்யாவில் ஒரு சின்ன வைன் கம்பெனியில் தரம் பார்க்கிற கியூ.சி. கெமிஸ்டாகச் சேர்ந்தேன். ஊருக்கு வெளியே விளையும் திராட்சையை வாங்கிப் பிழிந்து, புளிக்கவைத்து, பாட்டிலில் அடைத்து அனுப்புகிற தகர ஷெட். முதல் நாள் முதலாளி, எங்களுக்கு எம்.டி., என்னை உட்காரவைத்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"குடிப்பீங்களா மேடம்?"

"மாட்டேன் சார்."

"அப்ப நீங்கதான் சரி. போன கெமிஸ்ட் துப்பவே மாட்டான். மத்தியானத்துக்கு மேல வர்ற பேட்ச் எல்லாம் பாஸ்தான்."

சிரித்தேன். அன்றைக்கு அந்த மனிதரை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

வேலை இதுதான். ஒரு வாய் எடுக்க வேண்டும், நாக்கின் எல்லா மூலைக்கும் உருட்ட வேண்டும், வாயைக் குவித்துக் கொஞ்சம் காற்றை உள்ளே இழுக்க வேண்டும், பிறகு பக்கெட்டில் துப்பிவிட்டு எழுத வேண்டும். இங்கிலீஷ் புத்தகத்தில் போட்டிருந்த பழங்களில் பாதியை நான் கண்ணால் பார்த்ததில்லை. அதனால் எனக்குத் தெரிந்ததை எழுதினேன். நாவற்பழம். ஈரச் சாக்கு. புது ரப்பர் செருப்பு. மறுநாள் பால் பாயசம். என் குறிப்பைப் படித்து, டேங்க்குகளைப் பார்த்துக்கொள்ளும் செல்லார்காரர்கள் சிரிப்பார்கள், ஆனால் எந்த டேங்க்கில் கோளாறு என்று உடனே புரிந்துகொள்வார்கள்.

அல்சூரில் எங்கள் தெருவில் மட்டும், "அந்தப் பொண்ணு ஆபீஸ்லயே குடிக்குதாம்" என்று பேச்சு. அந்தக் கம்பெனியில் ஏழு வருஷம் இருந்தேன். ஒரு சொட்டு விழுங்கியதில்லை. யாரிடம் போய்ச் சொல்வது? போங்கடா என்று விட்டுவிட்டேன்.

சிவப்பு மை

ஒரு வருஷம் இனிப்பு கலந்த ரெட் ஒன்று போட்டோம். அதில் சர்க்கரை மிச்சம் இருக்கும். ஈஸ்ட்டைச் சுத்தமாக வடிகட்டாமல் அடைத்தால், அது பாட்டிலுக்குள் மறுபடி முழித்துக்கொண்டு அந்தச் சர்க்கரையைத் தின்ன ஆரம்பிக்கும். தின்றால் கேஸ் வரும். அதற்காகவே புது ஃபில்டர் பேட் வேண்டும் என்று மூன்று தடவை எழுதிக் கேட்டேன். மூன்று தடவையும் எம்.டி.யிடமிருந்து கன்னடமும் தமிழுமாக ஒரே பதில்: "பழசையே கழுவிப் போடுங்க. சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க."

அட்ஜஸ்ட் செய்தோம். ஈஸ்ட் அட்ஜஸ்ட் செய்துகொள்ளவில்லை.

ஒவ்வொரு பேட்ச்சிலும் சில பாட்டில்களை லேப் அலமாரியில் சாட்சிக்கு எடுத்துவைப்போம். ரிட்டென்ஷன் சாம்பிள் என்று பெயர். கோடை வந்ததும் அந்த பேட்ச்சின் சாம்பிள் கலங்கியது. கார்க் ஒரு விரற்கடை மேலே கிளம்பியிருந்தது. ஒன்றைத் திறந்தேன், புஸ்ஸென்று பொங்கியது. ரிஜிஸ்டரை எடுத்துச் சிவப்பு மையில் எழுதினேன்: ரிஜெக்ட். பாட்டிலுக்குள் மறுபுளிப்பு. வெளியே அனுப்பக் கூடாது. எல்லாவற்றையும் குளிரவைத்துத் திறந்து திரும்ப வடிகட்டவும்.

எம்.டி. வந்தார். ஒரு வாய் குடித்தார். முகம் மலர்ந்தது.

"மேடம், இது எங்க கெட்டுப்போச்சு? இது ஸ்பார்க்ளிங்! இந்த பப்பிள்ஸுக்கு வெளிநாட்டுக்காரன் வருஷக்கணக்கா மெனக்கெடறான். நமக்கு சும்னே ஓசியில வந்திருக்கு."

"சார், ஸ்பார்க்ளிங் பாட்டில் வேற. கண்ணாடி தடிமனா இருக்கும், அடியில நல்லாக் குழிஞ்சிருக்கும். அந்த அழுத்தத்தைத் தாங்கறதுக்குன்னே செய்யறது. நம்மளுது சாதா பாட்டில். இப்போதைக்கு கார்க்தான் மேல வருது. அதை வரவிடாம பண்ணினா பாட்டில் வெடிக்கும்."

"ஆய்து ஆய்து, சரி. ரிஜெக்ட்னா ரிஜெக்ட்" என்று எழுந்து போனார். நானும் நம்பினேன். என்ன ஒரு மடத்தனம்!

ஆறு கிளாஸ்

ஒன்றரை மாதம் கழித்து, எம்.ஜி. ரோடு பக்கத்து நட்சத்திர ஓட்டல் ஒன்றின் பெவரேஜ் மேனேஜர் எங்கள் ஆபீஸுக்கு வந்தார். பெரிய பெயர்கள் வேண்டாம், யாரும் கேள்விப்படாத ரெட்டும் ஸ்பார்க்ளிங்கும் ஒவ்வொன்று தன் மெனுவில் வேண்டும் என்றார். ஆறு வைனை ஒப்பிட்டு ருசிப்பதாக ஏற்பாடு. பிளைண்ட் டேஸ்டிங், லேபிள் தெரியக் கூடாது என்று பக்கத்து அறையில் ஊற்றி, கிளாஸில் நம்பர் ஒட்டிக் கொண்டுவந்தார்கள். "எல்லாம் வெளியூர்ச் சரக்கு மேடம். நம்மளுது எதுவும் இல்ல. தைரியமா மார்க் போடுங்க" என்றார் எம்.டி.

முதல் ரெட் பீட்ரூட் வேகவைத்த தண்ணீர். நிறம் இருந்தது, துப்பியதும் வாயில் ஒன்றுமே இல்லை. இரண்டாவதைப் பீப்பாயில் போட்டு மறந்துவிட்டார்கள் போல, மரக்கடைக்குள் நுழைந்த மாதிரி வாசனை. மூன்றாவது நல்ல ரெட். புளிப்பு, துவர்ப்பு, நாவற்பழம் தின்ற நாக்கு மாதிரி ஒரு பிடிப்பு. நாலாவது ஸ்பார்க்ளிங், சும்மா சோடா. பெரிய பெரிய குமிழி, பேசி முடிப்பதற்குள் அடங்கிவிட்டது. ஆறாவது வெள்ளை ஸ்பார்க்ளிங், பேக்கரி வாசலில் நிற்கிற வாசனை, ஆனால் கடைசியில் பல் கூசுகிற புளிப்பு.

நடுவில் அந்த ஐந்து. சிவப்பு ஸ்பார்க்ளிங். ஐஸில் வைத்துத் தெளிவாக ஊற்றியிருந்தார்கள். மணல் மணலாகப் பொடிக் குமிழி, நிற்காமல் மேலே வந்துகொண்டே இருந்தது. பன்னீர் திராட்சையை வாயில் போட்டுக் கடித்த மாதிரி ஒரு பழ வாசனை, பின்னாலேயே சின்ன இனிப்பு, அதைத் துடைத்துவிடுகிற புளிப்பு. துப்ப மனசு வரவில்லை. பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். பிறகு துப்பினேன். எழுதினேன்: 'ஆறில் உயிரோடு இருப்பது இதுதான். 17.' கையெழுத்துப் போட்டேன்.

எம்.டி. எழுந்து போய் ஐந்தாம் பாட்டிலைக் கொண்டுவந்தார். சுற்றியிருந்த பேப்பரைக் கிழித்தார். எங்கள் பாட்டில். எங்கள் பேட்ச். நான் சிவப்பு மையில் எழுதிய அதே பேட்ச்.

"மேடம்! உங்க ரிஜெக்ட்டுக்கு நீங்களே ஃபர்ஸ்ட் கிளாஸ் போட்டுட்டீங்க!"

மேனேஜர் தொடையைத் தட்டிச் சிரித்தார். "மேடம் சொன்னப்புறம் என்ன? இதையே அனுப்புங்க."

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. என் பேட்ச்சையே கண்டுபிடிக்கத் தெரியாத நாக்கு என்ன நாக்கு! கலங்கலாக, வெதுவெதுப்பாக நான் ருசித்தது வேறு. ஜில்லென்று தெளிந்து வந்தது வேறு. ஆனால் அந்த நேரம் எனக்கு அவமானம் மட்டும்தான் தெரிந்தது. பாட்டில் தாங்காது என்று அந்த மேஜையிலேயே கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. எம்.டி. ரிஜிஸ்டரைத் திறந்து, என் சிவப்பு மையின் மேலேயே என் மார்க் ஷீட்டை வைத்து ஸ்டேப்ளர் அடித்தார். பார்த்துக்கொண்டு நின்றேன்.

கைக்குத் தெரிந்தது

மறுநாளே கார்க்குகள் மேலே வராமலிருக்கக் கம்பி கட்டும் வேலை ஆரம்பமானது. கார்க் கிளம்பினால் வைன்தான் வீணாகும். கம்பி போட்டு இறுக்கினால் அழுத்தத்துக்குப் போக வேறு வழி ஏது? இது எனக்குத் தெரியும், நான் சொல்லியிருந்ததால் எம்.டி.க்கும் தெரியும். ஷெட்டில் வேறு யாருக்கும் தெரியாது. இருந்தும் மூன்று நாள் நான் லேப்பை விட்டு வெளியே வரவில்லை. 'உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே, பண்ணிக்கொள்ளுங்கள்' என்று ஒரு ரோஷம். நாசமாய்ப் போன ரோஷம்.

லேபிள் பிரிவில் சரோஜம்மா என்று ஒருவர், ஒக்கலிபுரத்திலிருந்து வருவார். ஸ்கேல் வைத்த மாதிரி நேராக லேபிள் ஒட்டுகிற கை. கம்பி கட்டும் வேலையை அவரிடம்தான் கொடுத்திருந்தார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் லேப் வாசலில் வந்து நின்றார்.

"மேடம், அந்த பாட்டில் உள்ளாற இருந்து ஏதோ தள்ளுது மேடம். கம்பி முறுக்கறப்போ கைக்கு நல்லாத் தெரியுது. பயமா கீது."

"எங்கிட்ட ஏன் சொல்றே? எம்.டி.கிட்டப் போய்ச் சொல்லும்மா" என்றேன். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

மறுநாள் காலை பத்தரை மணிக்குச் சத்தம் கேட்டது. ஓடினேன். தரையெல்லாம் சிவப்பு. எது வைன், எது ரத்தம் என்று தெரியவில்லை. சரோஜம்மா வலது கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழவில்லை. என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். கட்டைவிரலை மடக்குகிற நரம்பு அறுந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

பிடிங்க சார்

பேக்டரி இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு வருவதாக இருந்தது. அதற்கு முன்பே ஆபீஸில் ரிப்போர்ட் தயார். தொழிலாளி கவனக்குறைவாகப் பாட்டிலைக் கை தவறிப் போட்டதால் காயம் என்று டைப் அடித்திருந்தார்கள். அப்படியே அது பதிவாகிவிட்டால் சரோஜம்மாவுக்கு வேலையும் இல்லை, நஷ்ட ஈடும் இல்லை, கெட்ட பேர்தான் மிச்சம். கம்பி கட்டிய மிச்ச பாட்டில்கள் அந்த வாரமே ஓட்டலுக்குப் போகும். அங்கே எந்த சர்வரின் கையில் வெடிக்குமோ.

எம்.டி. என்னைத் தனியாகக் கூப்பிட்டார். குரல் தேனாக இருந்தது.

"மேடம், கேட்டா பாட்டில் கை தவறி விழுந்துச்சுன்னு சொல்லுங்க. போதும். வைன்ல கோளாறுன்னு நீங்க வாயைத் திறந்தா, அந்த வைனை பாஸ் பண்ணினது யாருன்னு கேப்பாங்க. உங்க கையெழுத்துதான் இருக்கு."

உண்மைதான். என்னை மாட்டவைக்காமல் அவரை மாட்டவைக்க வழியில்லை. முந்தின நாள் ராகு காலம், எமகண்டம் எதுவும் பார்க்காமல் மனசுக்குள் திட்டித் தீர்த்திருந்தேன். இப்போது ரிஜிஸ்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

இன்ஸ்பெக்டர் வந்தார். கன்னடக்காரர், நிதானமான மனிதர், எங்களுக்காகத் தமிழிலேயே பேசினார். ரிப்போர்ட்டைப் படித்துவிட்டுக் கேட்டார்: "மேடம், பாட்டில் சும்னே தானா ஒடையுமா?"

ரிஜிஸ்டரை அவர் முன்னால் வைத்தேன். ஸ்டேப்ளர் பின்னைப் பிடுங்கினேன். "இது நான் எழுதின ரிஜெக்ட் சார். மேல இருந்தது நான் போட்ட மார்க். ரெண்டும் என் கையெழுத்துதான். பாட்டிலைப் பாக்காம மார்க் போட்டது என் தப்பு. கம்பி கட்டறதைப் பாத்தும் சும்மா இருந்தது அதைவிடப் பெரிய தப்பு. அந்தம்மா முந்தின நாளே வந்து சொன்னாங்க. நான் காதுல வாங்கல. அவங்க பாட்டிலைப் போடல சார். அது வெடிச்சுது."

"சும்மா சொல்றாங்க சார்" என்றார் எம்.டி. "ஷெட்டுல இத்தனை பாட்டில் இருக்கே, ஒண்ணாவது வெடிக்குதா பாருங்க."

ஒன்றும் வெடிக்கவில்லை. அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். காபி வந்தது. ஒரு பாட்டில்கூட முனகவில்லை. எம்.டி. என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார்.

அந்தப் புருவம்தான். எனக்குள் எதுவோ அறுந்தது. ஷெட்டுக்குப் போனேன். ஒரு சாக்கை நனைத்துச் சுற்றி, கம்பி கட்டிய ஒரு பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தேன். வெயிலில் சூடேறியிருந்தது. மேஜை மேல் வைத்துச் சாக்கை உரித்தேன்.

"சார், இது வெடிக்காதுதானே? அப்படின்னா கையில பிடிங்க. அந்தம்மா பிடிச்ச மாதிரி கழுத்தைப் பிடிச்சு, அந்தக் கம்பியை இன்னும் ஒரு சுத்து முறுக்குங்க. ஒரே சுத்து."

"என்ன மேடம் இது, சின்னப் பசங்க மாதிரி…"

"பிடிங்க சார்!"

என் குரல் ஷெட் வரைக்கும் கேட்டதாம், பிறகு சொன்னார்கள். எம்.டி. பாட்டிலைப் பார்த்தார். நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினார். இரண்டு கையும் மெதுவாக மேஜைக்கு அடியில் போயின. இன்ஸ்பெக்டர் அந்தக் கைகள் போன இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டைப் அடித்த ரிப்போர்ட்டை ஓரமாக நகர்த்திவிட்டு, தன் நோட்டைத் திறந்து எழுத ஆரம்பித்தார்.

பாட்டில்கள் ஓட்டலுக்குப் போகவில்லை. ஈரச் சாக்குக்குள் ஒவ்வொன்றாகத் திறந்து சாக்கடையில் கொட்டினோம். சரோஜம்மாவின் பேரில் குற்றம் இல்லை என்று பதிவானது. நஷ்ட ஈடு வந்தது. விரல் வரவில்லை. அடுத்த மாதம் என்னை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை.

அதற்குப் பிறகு வேறு இரண்டு கம்பெனிகளில் இருந்து ரிடையரும் ஆகிவிட்டேன். போன இடமெல்லாம் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். ருசிப்பதற்கு முன் பாட்டிலைக் கையில் வாங்கிப் பார்ப்பேன், அதை அடைத்தவர்களிடம் இரண்டு வார்த்தை பேசுவேன். "அப்ப அது பிளைண்ட் டேஸ்டிங் ஆகாதே மேடம்" என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். ஆகாவிட்டால் போகட்டும். நீங்களும் இதைப் பழகிக்கொள்ளுங்கள்.

அந்த வேலை போன கொஞ்ச நாளில் ஒக்கலிபுரம் போயிருந்தேன். சரோஜம்மா இடது கையால் டீ ஊற்றிக் கொடுத்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை. நான் குடித்து முடித்ததும் கேட்டார்.

"மேடம், அந்த வைன் நெசமாலுமே நல்லாத்தான் இருந்துச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். "நல்லாத்தான் இருந்துச்சு சரோஜம்மா" என்றேன்.

அவர் தன் வலது கையை மடியில் திருப்பிப் போட்டுப் பார்த்தார். "எனக்கு ஒரு வாய்கூட யாரும் குடுக்கலியே மேடம்" என்றார்.