கட்டைவிரல் வாங்கிய மெத்தை

இரண்டு மாதத்துக்கு முன், ஒரு கிருத்திகைக்கு மறுநாள் காலை. மணி ஐந்தரை இருக்கும். கண் விழித்தேன். எழுந்திருக்கப் பார்த்தேன்... முடியவில்லை.

சோம்பல் என்று நினைத்துவிடாதீர்கள். வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும் – வாசல் தெளித்து, விளக்கேற்றாமல் எனக்குக் காபி இறங்காது. அன்றைக்கு முட்டி மடங்கவில்லை. இடுப்பு திரும்பவில்லை. கோரைப்பாயில் மல்லாந்து கிடக்கிறேன். மேலே ஃபேன் சுற்றுகிறது. கால் என்னுடையதுதானா என்றே சந்தேகம் வந்துவிட்டது.

மூட்டு வலி எனக்குப் புதிதில்லை. இரண்டு வருஷமாக இருக்கிறது. மாடிப்படி ஏறும்போது ஒரு முருகா, இறங்கும்போது ஒரு முருகா என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் வலி வேறு, முடியாமல் போவது வேறு. அன்றைக்குத்தான் தெரிந்தது.

வீட்டுக்காரர் ஐந்து மணிக்கே கம்பெனி பஸ் ஏறிப் போய்விட்டார். ஒரகடம் பக்கம், காருக்கு சீட் செய்கிற கம்பெனி. விரதத்துக்கு மறுநாள் நான் அசந்து தூங்குவேன் என்று எழுப்ப மாட்டார். வெளியே பூட்டி, சாவியை ஜன்னல் கம்பி வழியாக உள்ளே வைத்துவிட்டுப் போவார். என் போனோ, பூஜை அலமாரிப் பக்கத்தில் சார்ஜில் கிடக்கிறது. பத்தடி தூரம்.

அந்தப் பத்தடியை அன்றைக்கு நான் எப்படிப் பார்த்தேன் என்று எழுதத் தெரியவில்லை.

கத்தியிருக்கலாமே என்பீர்கள். நைட்டி முட்டிக்கு மேல் சுருண்டு கிடக்கிறது. பூட்டை உடைத்துக்கொண்டு தெரு ஆம்பளைகள் வந்து நின்றால்? உயிர்ப் பயத்திலும் இந்தப் பயம் விட மாட்டேன் என்கிறதே.

எங்கள் தெருவில் ஒரு அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்து, நாலு வருஷம் கட்டிலோடு கிடந்தார். நானே கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். ஸ்பூனை வாய்க்கிட்டே கொண்டுபோகும்போது என் முகத்தையே பார்ப்பார். அந்தப் பார்வை அன்றைக்கு ஞாபகம் வந்தது. எனக்கும் அதுதானா? என் ஒரே பெண்ணை மறைமலை நகரில் கொடுத்திருக்கிறோம். அவளும் வேலைக்குப் போகிறவள். யார் எனக்கு ஸ்பூன் பிடிப்பார்கள்? விளக்கேற்றாத அலமாரியைப் பார்த்துக்கொண்டே இரண்டு மணி நேரம் கிடந்தேன். முருகன் படம் இருட்டாக இருந்தது.

எங்கள் பின் ரூமில் குடியிருக்கும் செல்விதான் வந்தாள். திருச்செந்தூர்ப் பக்கத்துப் பெண். எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் நைட் ஷிஃப்ட் முடித்து ஏழரைக்கு வருவாள்.

“அக்கா, தண்ணி வரலியே... மோட்டார் போடலியா?” என்று ஜன்னலில் எட்டிப் பார்த்தவள், அப்படியே நின்றுவிட்டாள். “என்னக்கா இப்படிக் கெடக்கிய?”

கம்பிக்குள் கைவிட்டுச் சாவி எடுத்து, திறந்து வந்து, என் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினாள்.

“ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்லா?”

“நைட்டி...” என்றேன்.

“நைட்டி பெருசாக்கா, உசுரு பெருசா?”

எனக்கு அழுகைதான் வந்தது.

தரையில் ஏன் படுத்தாய் என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு கதை உண்டு. இருபது வருஷத்துக்கு முன் என் வீட்டுக்காரர் தகடு அடிக்கிற ஒரு சின்ன பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தார். ஒருநாள் மெஷினில் அவருடைய வலது கட்டைவிரல் மாட்டிக்கொண்டது. எடுத்துவிட வேண்டியிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நான் குன்றத்தூர் முருகன் மலையிருக்கும் திக்கைப் பார்த்துக் கும்பிட்டேன். அந்த விரல் பிழைத்தால், உயிர் உள்ளவரை கிருத்திகைதோறும் பால் பழம் மட்டும் சாப்பிட்டு, கட்டிலை விட்டுத் தரையில் படுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன்.

விரல் பிழைத்தது. நகம் மட்டும் கோணலாக வளரும். அன்றிலிருந்து ஒரு கிருத்திகைகூட நான் தவறவில்லை.

அன்றைக்கே போய்க் காட்டிய ஸ்ரீபெரும்புதூர் டாக்டரம்மாவுக்கு இதெல்லாம் தெரியுமா? ரத்தம் எடுக்கச் சொன்னார். மாத்திரை எழுதினார். கடைசியில், “இனிமே தரையில படுக்கவே கூடாதும்மா. கட்டில்லயும் ரொம்ப மெத்துன்னு வேணாம், கட்டாந்தரை மாதிரியும் வேணாம். நடுத்தரமா ஒரு மெத்தை வாங்குங்க. ஓரமா உக்காந்தா பாதம் தரையில படணும்” என்றார்.

தலையாட்டினேன். தரையில் படுக்கக் கூடாது... அப்படியென்றால் அந்த விரல்?

சொல்லவில்லை. சில பயங்களை வெளியே சொன்னால் பலித்துவிடும் என்று இன்னொரு பயம்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே மெத்தை வாங்கப் போனோம். எங்கள் கட்டிலில் இருந்தது பழைய இலவம்பஞ்சு மெத்தை. கட்டி கட்டியாக, உருளைக்கிழங்கு மூட்டை மாதிரி இருக்கும். ஒரகடம் ரோட்டில், பைக் ஷோரூமுக்கும் பிரியாணிக் கடைக்கும் நடுவில் ஒரு மெத்தைக் கடை. முன்பக்கம் பூராவும் கண்ணாடி. உள்ளே எதை எடுத்தாலும் ‘ஆர்த்தோ’ என்று தைத்திருக்கிறது. மெத்தை ஆர்த்தோ, தலையணை ஆர்த்தோ. எனக்கு அந்த எழுத்தைப் பார்த்தாலே முட்டி வலித்தது.

“படுத்துப் பாருங்கம்மா, கூச்சப்படாதீங்க” என்றார் கடைக்காரர்.

படுப்பதா? கடையிலா? கண்ணாடிக்கு வெளியே ரோடு முழுக்கக் கம்பெனி பஸ். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நான் ஓரமாக நின்றேன்.

“அவ எதுக்கு படுக்கணும்? நான் பாக்குறேன் வுடு. பாஞ்சு வருஷமா ஃபோமோட குடும்பம் நடத்திகினு கீறேன்” என்றார் என் வீட்டுக்காரர்.

“அப்ப நான் யாரு?” என்றேன்.

“நீ அதுக்கு ஸ்பேர்.”

கடைக்காரர் சிரித்தார். இவர் அந்தக் கட்டைவிரலால் ஒவ்வொரு மெத்தையாக அமுக்கிக்கொண்டே போனார். ஒன்றில் நின்றார். “இத்த பாரு. அமுக்குனா போவுது, வுட்டா வருது. சூப்பர் மாலு.” அந்த விரல் மேல் அவருக்கு அவ்வளவு பெருமை. எனக்கும்தான். நான் பட்டினி கிடந்து மீட்ட விரல் ஆயிற்றே. வாங்கிவிட்டோம்.

வீட்டுக்கு வந்ததும், கவரைப் பிரிக்க வேண்டாம், அழுக்காகிவிடும் என்றார் இவர். நம் ஊரில் யார் பிரிக்கிறார்கள்? பிளாஸ்டிக்கோடு கட்டிலில் போட்டு, மேலே பெட்ஷீட் விரித்தோம்.

படுத்ததும் சுகமாகத்தான் இருந்தது. நடுவில் ஒரு பள்ளம் விழுந்து என்னை வாங்கிக்கொண்டது. காலையில் அந்தப் பள்ளம் என்னை விடவில்லை. கையை ஊன்றினால் கை உள்ளே போகிறது. முட்டியை ஊன்றினால் முட்டி உள்ளே போகிறது. புரண்டால் பிளாஸ்டிக் மொறுமொறு என்கிறது. வீட்டில் யாரும் இல்லை. அதே ஃபேன். அதே அலமாரி.

உருண்டு உருண்டு ஓரத்துக்கு வந்து, வழுக்கி, தொம்மென்று தரையில் விழுந்தேன். அந்த முட்டி மேலேயே.

அடுத்த நாளும் அப்படி. அதற்கு அடுத்த நாளும் அப்படி. அவரிடம் சொன்னேனா? இல்லை. அவர் விரலைக் குறை சொல்ல மனசு வரவில்லை என்பது பாதிக் காரணம். மீதியை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். மெத்தை சரியில்லை என்றால் மாற்றிவிடலாம். நான் சரியில்லை என்றால்? இனி எந்த மெத்தை போட்டாலும் எழுந்திருக்க முடியாத உடம்பு என்று ஆகிவிட்டிருந்தால்? அதைத் தெரிந்துகொள்ளப் பயம். அதனால் வாயை மூடிக்கொண்டு, தினமும் உருண்டேன்.

காட்டிக்கொடுத்தவள் செல்வி. அந்த வாரம் அவளுக்குப் பகல் ஷிஃப்ட். சாயங்காலம் குழாயடியில் என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணாச்சி, காலைல நீங்க போன பொறவு அக்கா ரூம்ல ஒரே மொறுமொறுன்னு சத்தம். பத்து நிமிசம். பொறவு தொம்முனு விழுத சத்தம். நாலு நாளா கேக்கேன். என்னன்னு கேளுங்க.”

உள்ளே வந்தார். மெத்தையை விரலால் ஒரு அமுக்கு அமுக்கினார். பிறகு விரலைப் பார்த்தார்.

“ஏன்மே சொல்லல?”

நான் மெத்தை ஓரத்தில் உட்கார்ந்தேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் பள்ளத்தில் சரிந்து இடித்துக்கொண்டோம்.

“எங்க லைன்ல சீட்ட எப்டி பாஸ் பண்றோம் தெரியுமா? மனுஷன் கணக்கா ஒரு பொம்ம கீது. மனுஷன் வெயிட்டு. அத்த ஒக்கார வச்சி பாத்தாதான் டிசைனே ஓகே ஆவும். விரல வச்சி அமுக்குனா விரலுக்குத்தான் நல்லா கீதான்னு தெரியும். வெளியாளுக்கு செய்யறப்ப இதெல்லாம் பாக்குறோம். வூட்டுக்கு வாங்கறப்ப புத்தி எங்க பூட்ச்சின்னு தெரில.”

அந்த வாரம் இவருக்கு வெள்ளிக்கிழமை லீவு. மறுபடி அதே கடை. நாலு நாள் படுத்த மெத்தை என்று ஒளிக்காமல் சொன்னோம். “கவர் பிரிக்கலல்ல? மாத்திக்கலாம்” என்றார் கடைக்காரர். நம் ஊர்ப் பழக்கம் ஒன்று நமக்கே கைகொடுத்தது.

“இன்னிக்கி நீதான் பொம்ம. படு” என்றார் இவர்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. மூன்றரை மணி. ஷிஃப்ட் விடுகிற நேரம். கண்ணாடிக்கு வெளியே இவர் கம்பெனி பஸ்களே வரிசையாக வருகின்றன. இவர் என்ன செய்தார் தெரியுமா? கையிலிருந்த குடையை விரித்து, ரோட்டுக்கும் எனக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டி நின்றார். நல்ல வெயில். கடைக்குள் குடை.

ஒவ்வொன்றாகப் படுத்தேன். மல்லாந்து, பிறகு ஒருக்களித்து. தோளும் இடுப்பெலும்பும் குத்துகிறதா, இடுப்பு உள்ளே தொங்குகிறதா என்று பார்த்தேன். ஆனால் என் பயம் படுப்பதில் இல்லையே.

“எழுந்திரிக்கிறேங்க” என்றேன்.

“மெதுவா. கை குடுக்க மாட்டேன். காலையில நான் இருக்க மாட்டேன்ல?”

மூன்றாவது மெத்தை. அடியில் தென்னை நார், மேலே கொஞ்சமாக ஃபோம். ஒருக்களித்தேன். காலைக் கீழே விட்டேன். பாதம் தரையைத் தொட்டது. கையை ஊன்றினேன். கை உள்ளே போகவில்லை. நின்றது. நானும் நின்றேன்.

“இன்னொரு தபா” என்றார் குடைக்கு அந்தப் பக்கமிருந்து. மூன்று முறை எழுந்தேன். மூன்றாவது முறை கண் கலங்கிவிட்டது. மறுநாள் கம்பெனியில் ஒருவர் விடாமல் கேட்டார்களாம் – “அண்ணே, கடைக்குள்ள அவ்ளோ மழையா?”

மூட்டு வலியோடு மெத்தை வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். வெட்கப்படாமல் கடையிலேயே படுத்துப் பாருங்கள். அதைவிட முக்கியம், எழுந்து பாருங்கள்.

இத்தோடு நிம்மதி வந்துவிட்டது என்று முடிக்கத்தான் ஆசை. ஆனால் அடுத்த கிருத்திகை வந்துவிட்டதே.

இரண்டு நாள் முன்னாலேயே எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தரையில் படுத்தால் நான் எழுந்திருப்பேனா? படுக்காவிட்டால் அந்த விரல்? பஸ் ஏறிக் குன்றத்தூர் போனேன். மலைப்படி ஏற முட்டி இடம் கொடுக்கவில்லை. அடிவாரத்திலேயே நின்று, மேலே பார்த்துக் கேட்டேன். “வாக்குத் தவறினால் என்னைக் கேள். அவர் கையைத் தொடாதே அப்பா.” பதில் ஒன்றும் வரவில்லை. பூ விற்கிற அம்மாதான், “இன்னாம்மா, மயக்கமா?” என்று கேட்டாள்.

அன்று பாலைக் குடித்துவிட்டு, கோரைப்பாயை எடுத்துக்கொண்டு ரூமுக்குள் வந்தேன். இவர் பாயைப் பிடித்து நிறுத்தினார். கடைசியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டாக்டரம்மா சொன்ன நிமிஷத்திலிருந்து நான் எதற்காகப் பயப்படுகிறேன் என்பதை.

அந்தக் கோணல் நகத்தைத் தடவினார்.

“விரலு யாருது?”

“உங்களுது.”

“அப்ப தரையும் என்னுதாவே இருக்கட்டும். நீ மேல படு.”

பாயை விரித்துப் படுத்துவிட்டார். ஐம்பது வயசு. பாதி நாள் நின்றே வேலை பார்க்கிற கால். நான் மெத்தையில் படுத்தபடி, ‘முருகா, ஆள் மாறினால் ஏற்றுக்கொள்வாயா?’ என்று கேட்டுக்கொண்டே தூங்கிப்போனேன்.

காலை நாலு மணிக்கு அலாரம். ஒருக்களித்தேன், காலை விட்டேன், எழுந்தேன். விளக்கேற்றினேன். முருகன் முகம் பளிச்சென்று தெரிந்தது. திரும்பிப் பார்த்தால், இவர் பாயில் மல்லாந்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க.”

“ஒரு கை குடுமே. இடுப்பு புட்ச்சிகிச்சி.”

நீட்டிய கையில் அந்தக் கட்டைவிரலைத்தான் முதலில் பிடித்தேன். கெட்டியாக, சூடாக இருந்தது. இழுத்தேன். முனகிக்கொண்டே எழுந்து நின்றார்.

“இன்னாமே... தரை இவ்ளோ கீழ கீது?”

இருபது வருஷமாக அது அங்கேதான் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை.