சுண்டு பாதியில் விட்ட ஸ்க்ரூ

சுண்டு, அன்று மதியம் நான் ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. அது நம் வண்டிச் சத்தம் இல்லை. நம் வண்டி இன்ஜின் மூடியைத் தூக்கி, கராஜில் வாயைத் திறந்துகொண்டு நின்றது. நீ உன்கூட வேலை பார்க்கும் பெண்ணின் காரில்தான் வேலைக்குப் போயிருந்தாய். அவள் மட்டும் திரும்பி வந்திருந்தாள். யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு இங்கிலீஷில் ஏதேதோ சொன்னாள். எனக்கு "ஹார்ட்" என்ற ஒரு சொல்தான் பிடிபட்டது. மீதியை அவள் முகம் சொல்லிவிட்டது.

நம் ஜெபக் கூட்டத்தில் உங்கள் எல்லோருக்கும் என் தங்கை ரோஸ்லின் சிஸ்டர். எனக்குச் சுண்டு. பிறந்தபோது அவ்வளவு சிறிசாக இருந்தாள், அதனால் நான் வைத்த பெயர். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தூத்துக்குடியில் தையலுக்குப் போனவள். அவள் படித்து நர்ஸாகி அமெரிக்கா வந்து, வெகு காலம் காத்திருந்து என்னையும் வரவழைத்தாள். இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஃப்ரீமான்ட்டில் ஒரே வீட்டில் இருந்தோம். அவளைப் பற்றி நம் கூட்டத்துப் பத்திரிகைக்கு எழுதித் தரச் சொன்னீர்கள். நோயாளிகளை அவள் எப்படிப் பார்த்துக்கொண்டாள் என்பதை அவளோடு வேலை பார்த்தவர்கள் எழுதட்டும். நான் அவளுடைய நீல வண்டியைப் பற்றித்தான் எழுதுவேன். அந்த வண்டியின் பக்கத்தில் நிற்கும்போதுதான் அவள் முழுசாக அவளாக இருந்தாள்.

அது எழுபத்தாறாம் வருஷத்துக் கார். இரண்டே கதவு, நீண்ட மூக்கு, உள்ளே எட்டு சிலிண்டர். ஸ்டார்ட் செய்தால் தெருக்கோடி வரை தெரியும். முதல் தடவை அதில் ஆராதனைக்கு வந்து இறங்கியபோது நம் சாமுவேல் அங்கிள் சும்மா விடவில்லை.

"ஏம்மா ரோஸ்லின், நர்ஸம்மாவுக்கு எதுக்கு இந்த ரவுடி வண்டி?"

"உங்க வண்டி சத்தமே போடாம பெட்ரோல் குடிக்குது அங்கிள். இது சொல்லிட்டுக் குடிக்குது."

அங்கிள் சிரித்த சிரிப்பு உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும்.

ஆனால் அவளிடம் உண்மையான பதில் வேறொன்று இருந்தது. சுண்டுவுக்குச் சின்ன வயதிலேயே சீழ் பிடித்து ஒரு காது போய்விட்டது. இன்னொன்றிலும் பாதிதான் கேட்கும். எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துச் சமாளித்துவிடுவாள், அதனால் உங்களில் அநேகருக்குத் தெரிந்திருக்காது. அமெரிக்கா வந்த புதிதில் அவள் பஸ்ஸுக்காக நின்றபோது இப்படி ஒரு வண்டி அவளைக் கடந்து போயிருக்கிறது. "அந்தச் சத்தம் காதுல கேக்கலக்கா, நெஞ்சுல கேட்டுச்சு. எனக்கு முழுசாக் கேட்ட சத்தம் அது ஒண்ணுதான்" என்றாள். அதற்குப் பிறகு நான் ஏன் இந்த வண்டி என்று கேட்டதே இல்லை.

வாங்கும்போதே அதன் கார்புரேட்டர் தேய்ந்து போயிருந்தது. காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு ஊட்டுகிற சட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக ஒன்று வாங்கக் கடைக்குப் போனோம். கடைக்காரர் என்ன இன்ஜின் என்று விசாரித்துவிட்டு, நடுத்தர அளவில் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். சுண்டுவின் கண் அதன் பக்கத்தில் இருந்த பெரியதின்மேல் போனது.

"ஏக்கா, அம்மா நமக்கு யூனிஃபார்ம் எடுக்கிற மாதிரி ஒரு அளவு பெருசாவே எடுத்துருவோமா?"

"ஏட்டி, துணின்னா உள்ள மடிச்சுத் தைப்பேன். இதை எங்க மடிக்க?"

"இன்ஜின் வளராதுன்னு எனக்கும் தெரியும்க்கா. ஆனா சின்னதைத் தூக்க நம்ம கை வருதா, சொல்லுங்க!"

வரவில்லைதான். நம் வீடுகளில் எந்தப் பிள்ளை அளவான சட்டை போட்டு வளர்ந்தது? இரண்டு பேரும் பெரியதைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி வந்தோம்.

அது எங்களை நன்றாக அழவைத்தது. சிக்னலில் பச்சை விழுந்து மிதித்தால், வண்டி ஒரு வாய் மூச்சு வாங்கிவிட்டு அப்படியே அணைந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மௌரி அவென்யூவில், பின்னால் நம் கூட்டத்து வண்டிகள் வரிசையாக நிற்க, அது படுத்துவிட்டது. சாமுவேல் அங்கிள் இறங்கி வந்து, "ரவுடிக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுக்கொண்டே தள்ளினார். அந்த வருஷம் புகைச் சோதனையிலும் ஃபெயில். அதில் பாஸ் ஆகாமல் வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்க மாட்டார்கள்.

சுண்டு புத்தகங்களை எடுத்துவைத்துப் படித்தாள். பிறகு எனக்குச் சொன்னாள். "வாய்க்கால் அகலமா இருந்தா தண்ணி மெதுவாத்தானே போகும்? காத்தும் அப்படித்தான்க்கா. மெதுவாப் போற காத்து பெட்ரோலை இழுக்காது. அந்தக் கடைக்காரர் சொன்னதுதான் சரி." தான் நினைத்தது தப்பு என்று தெரிந்தால் அவளுக்கு முகம் சுண்டாது. புதுசாக ஒன்று தெரிந்துகொண்டோமே என்று பிரகாசமாகிவிடும். அன்றும் அப்படித்தான் இருந்தாள். மறுபடியும் அதே கடைக்குப் போய் அந்த நடுத்தர அளவை வாங்கி வந்தாள். ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து அதை மாட்டினோம்.

மாட்டினால் மட்டும் போதாது, சுருதி சேர்க்க வேண்டும். முன்பக்கம் இடதும் வலதுமாக இரண்டு சின்ன ஸ்க்ரூ இருக்கும். உள்ளே திருப்பினால் பெட்ரோல் குறையும், இன்ஜின் திக்கும். வெளியே திருப்பினால் பெட்ரோல் கூடும், இன்ஜின் கனத்துப்போய் நாற்றமடிக்கும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. அங்கே வரும்போது தையல் மெஷினில் நூல் சரியான இழுப்புக்கு வந்துவிட்டதுபோல ஒரே சீராக ஓடும். அந்த இடம் என் காதுக்குத் தெரியும். அவளுக்குக் காது இல்லை, ஆனால் எந்த ஸ்க்ரூ, எந்தப் பக்கம், எவ்வளவு என்ற அறிவெல்லாம் அவளுடையது. அதனால் எங்களுக்குள் ஒரு முறை உண்டு. அவள் இடது கையை வண்டியின் உடம்பில் பரப்பி வைத்து அதிர்வைப் பார்த்துக்கொண்டு, வலது கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவாள். ஒவ்வொரு திருப்புக்கும் என் முகத்தைப் பார்த்து, "போதுமாக்கா?" என்பாள். நான் "இன்னும்" என்பேன், இல்லாவிட்டால் "போதும், நிறுத்துட்டி" என்று கத்துவேன்.

"உங்க காதையும் என் கையையும் சேத்தா ஒரு மெக்கானிக் வரும்க்கா" என்பாள். "வாய் மட்டும் உங்களுதே போதும், ரெண்டு மெக்கானிக்குக்குத் தாங்கும்."

அந்தச் சனிக்கிழமை இடது பக்கம் முடிந்தது. வலது பக்கம் ஆரம்பித்தபோது ஜெபக் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது. "இருக்கட்டும்க்கா, லீவு அன்னைக்குப் பாத்துக்கலாம்" என்று கையைத் துடைத்துவிட்டு எழுந்தாள். அந்த லீவு நாள் வருவதற்கு முன்னால்தான் அந்தப் பெண் சுண்டு இல்லாமல் வந்து என் கையைப் பிடித்தது.

அடக்கம் முடிந்த பிறகு, அமெரிக்காவின் மறுகோடியில், பிரிட்ஜ்வாட்டரில் இருக்கும் எங்கள் தம்பி ஜெயராஜ் என்னோடு கராஜில் வந்து நின்றான்.

"அக்கா, இதை வித்துரலாம். ஏற்கெனவே புகை டெஸ்ட்ல ஃபெயில் ஆன வண்டி. நீங்க தனியா இங்க என்ன பண்ணுவீங்க? எங்ககூட வந்துருங்க."

"வந்து?"

"சும்மா இருங்க. ரெஸ்ட் எடுங்க."

"சும்மா இருந்து எனக்குப் பழக்கமில்லடே. எனக்குத் தையல் இருக்கு. துணி வாங்க, குடுக்க நாந்தான் ஓட்டிட்டுப் போறேன்."

"எதை ஓட்டுவீங்க? இதையா?"

"இதைத்தான். எனக்கு இதுலதான் அவ ஓட்டச் சொல்லிக்குடுத்தா."

அவன் பாசத்தில்தான் சொன்னான், எனக்குத் தெரியும். கடைசியில், "டெஸ்ட்ல பாஸ் ஆச்சுன்னா நான் வாயைத் திறக்க மாட்டேன்" என்றான். "சரி, பாஸ் ஆச்சுன்னா வண்டியும் நானும் இங்கதான். ஆகலைன்னா எனக்கு டிக்கெட் போடு" என்றேன். அவன் ஊருக்குப் போனான்.

மறுநாள் காலையில் கராஜ் கதவைத் தூக்கிவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்தேன். சூடாகும் வரை பொறுத்திருந்தேன். அவள் அதில் கண்டிப்பு. குளிர்ந்த இன்ஜின் பொய் சொல்லும் என்பாள். கிட்ட நின்று கேட்டேன். இடது பக்கம் சீராக இருந்தது. வலது பக்கம்தான் கொஞ்சம் கனத்து, தூக்கத்தில் புரண்டு படுப்பவர்போல முனகியது. என் இடது கையை அவள் வைக்கும் இடத்தில் பரப்பி வைத்தேன். ஸ்க்ரூடிரைவரை வலது கையில் எடுத்தேன். அதன் பிடி வழுக்குகிறது என்று ஒரு தடவை சொன்னாள் என்று, ஜாக்கெட்டில் மிஞ்சிய துணியில் நான் தைத்துப் போட்ட உறை அதில் இருந்தது. உள்ளே கொஞ்சம் திருப்பினேன். முனகல் குறைந்தது. இன்னும் கொஞ்சம். திக்கியது. பயப்படவில்லை. வெளியே ஒரு துளி திருப்பினேன்.

வந்துவிட்டது. காதில் வந்ததும் கையிலும் வந்தது. எட்டு சிலிண்டரும் ஒரே துணியில் ஒரே தையலாக ஓடியது. அந்தக் கையில் தெரிந்ததுதான் இத்தனை நாளும் சுண்டு கேட்ட சத்தம் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. "போதும்" என்று கராஜில் சத்தமாகச் சொன்னேன். கேட்பதற்கு ஆள் இல்லை என்று பிறகுதான் உறைத்தது.

சோதனைக்கு நானே ஓட்டிக்கொண்டு போனேன். புகைக்குழாயில் குழலைச் செருகி, மெஷினைப் பார்த்துவிட்டு, சோதனை செய்கிற ஆள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். வீட்டுக்கு வந்து தம்பிக்கு போன் செய்தேன்.

"பாஸ்டே."

"யாருக்கா டியூன் பண்ணது?" என்றான்.

"நாங்க ரெண்டு பேரும்தான்."

சொன்னபடி அவன் வாயைத் திறக்கவில்லை. அழுதான், அவ்வளவுதான்.

ஆகவே நான் எங்கும் போகவில்லை. துணி கொடுத்தவர்கள் கவலைப்பட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மௌரி அவென்யூவில் என் பின்னால் வருகிறவர்களும் கவலைப்பட வேண்டாம், பச்சை விழுந்தால் வண்டி கிளம்பும். சாமுவேல் அங்கிளுக்கு இனிமேல் தள்ளுகிற வேலை இல்லை. அவளுடைய துணிமணிகளை நர்ஸுகளும் நம் பெண்களும் எடுத்துக்கொண்டார்கள். உறை போட்ட ஸ்க்ரூடிரைவரும், வண்டியில் ஏறுவதற்கு முன் ஒரு நிமிஷம் அதன் உடம்பில் கையைப் பரப்பி வைத்து நிற்கிற பழக்கமும் எனக்கு. அது போதும் எனக்கு.

சுண்டு, வலது பக்கத்தை நீ விட்ட இடத்தைவிட இம்மி உள்ளே வைத்திருக்கிறேன். இடது பக்கத்தைத் தொடவில்லை, அது நீ வைத்தது. உன் கையை வைத்துப் பார்த்துச் சொல். போதுமாட்டி?