மாமாவும் நானும் மஞ்சள் ஹவுஸ்

மூக்கண்டப்பள்ளியில் நாங்கள் குடியிருந்த தெருவில், காலை ஏழு மணிக்கு இஷ்டப்பட்ட கோலத்தில் திரிந்தவை நாய்கள் மட்டும்தான். மற்ற எல்லோரும் சீருடையில் இருந்தோம். தெருமுனையில் கம்பெனி பஸ்ஸும் ஸ்கூல் வேனும் முன்பின்னாக வந்து நிற்கும். சாம்பல் சட்டையும் தொப்பியும் போட்ட அப்பாக்கள் ஒன்றில் ஏறுவார்கள். கட்டம் போட்ட சட்டையும் கழுத்தில் எலாஸ்டிக் டையும் மாட்டிய பிள்ளைகள் இன்னொன்றில் ஏறுவோம். யாரோ மேலே உட்கார்ந்துகொண்டு எங்கள் தெருவை நிறம் பார்த்துப் பிரித்து அனுப்புகிற மாதிரி இருக்கும்.

நான் மூன்றாம் வகுப்பு. கேள்வி கேட்பது எனக்கு ஒரு வியாதி. டை எதற்கு, சட்டையில் கட்டம் எதற்கு, ஷூவுக்கு மட்டும் ஏன் கறுப்பு என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். அம்மா, "வாயை மூடிக்கினு இட்லியைத் தின்னுடா" என்பாள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாதே என்று அதற்கும் ஒரு கேள்வி கேட்பேன்.

அந்த வருடம்தான் பள்ளியில் ஹவுஸ் பிரித்தார்கள். சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள். ஆளுக்கொரு நிறம், நிறத்துக்கொரு தொப்பி. விளையாட்டு விழாவில் எல்லோரும் தொப்பி போட்டு அணிவகுத்து நடக்க வேண்டும், தொப்பி இல்லாதவன் மைதானத்துக்குள் வரக்கூடாது என்று பி.டி. சார் சொல்லிவிட்டார். நான் மஞ்சள் ஹவுஸ்.

இங்கே என் தலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது பெரியது. பெருமைக்காகச் சொல்லவில்லை, உள்ளே இருந்த சரக்குக்கும் வெளி அளவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதற்கு என் மதிப்பெண் அட்டைகள் சாட்சி. பள்ளியில் தந்த தொப்பிகள் எல்லாம் ஒரே அளவு, பின்னால் எலாஸ்டிக். பி.டி. சார் என் தலையில் ஒன்றை வைத்து அழுத்தினார். கையை எடுத்ததும் இட்லிப் பானை மூடி மாதிரி அது மேலே எழும்பி, ஒரு பக்கமாகச் சரிந்து, கீழே விழுந்தது. இன்னொன்றை வைத்தார். அதுவும் அப்படியே செய்தது. அவர் அத்திப்பள்ளிப் பக்கம், கன்னடக்காரர். "ஏனோ இது, தலையா, பூசணிக்காயா?" என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். தனியாக நிற்பதைவிட அது மேல்.

தலைக்கேற்ற தொப்பி கிடைக்காத துக்கத்தில்தான் எனக்குத் தொப்பியைப் பற்றிய ஆராய்ச்சி மனப்பான்மையே வந்தது. தொப்பி எதற்கு என்று பி.டி. சாரைக் கேட்டேன். "வெயிலுக்கு" என்றார். ஓசூரில் ஆடி மாதக் காலையில் என்ன வெயில்? அவரே ஸ்வெட்டர் போட்டிருந்தார். தலைமை ஆசிரியையைக் கேட்டேன். எல்லோரும் ஒரே மாதிரி உடுத்தினால் பணக்காரர், ஏழை என்று வித்தியாசம் தெரியாது, அதற்காகத்தான் சீருடை என்றார். அப்புறம் ஏன் தொப்பியில் மட்டும் நாலு நிறம் என்று கேட்டதற்கு, வகுப்புக்குப் போகச் சொன்னார்.

சரியான பதில் சொன்னவர் மாமா ஒருவர்தான். அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். காவேரிப்பட்டினத்திலிருந்து முதலில் ஓசூருக்கு வந்தவர் அவர். பிறகு அப்பாவுக்கும் அதே கம்பெனியில் வேலை வாங்கிக் கொடுத்து எங்களை வரவழைத்தார். இருவரும் ஒரே லைனில் நின்று வண்டி பாகங்கள் செய்தார்கள்.

"அந்தக் காலத்துல எல்லாப் பசங்களும் திருப்பதி போய் மொட்டை போட்டுக்கினு வந்துட்டானுங்க," என்றார் மாமா. "எல்லாம் ஒரே மாதிரி உருண்டை. வாத்தியாருக்கு யாரை அடிச்சோம், யாரை அடிக்கலன்னு தெரியல. ஒரே பையன் ரெண்டு தடவை அடி வாங்கறான். அதான் கலர் கலரா தொப்பி போட்டுட்டாங்க."

நான் அதை முழுமையாக நம்பினேன். பள்ளியில் போய்ச் சொல்லவும் செய்தேன். வளர்ந்த பிறகு உண்மையான சரித்திரத்தைத் தேடிப் படித்தபோது மாமாவின் புளுகு அவ்வளவு தூரம் விலகிப் போகவில்லை என்று தெரிந்தது. இங்கிலாந்துப் பள்ளிகளில் பந்து விளையாடிய பையன்கள் ஆளுக்கொரு உடையில் வந்தார்களாம். யார் எந்தப் பக்கம் என்று தெரிவதற்காகத் தலையில் நிறத்தை மாட்டினார்களாம். சீருடையின் கதை இன்னும் வேடிக்கை. அது முதலில் வந்தது தருமத்தில் படித்த ஏழைப் பிள்ளைகளுக்கு. நீலச் சாயம் மலிவு என்பதால் நீல அங்கி. தெருவில் போகும்போதே இது யார் வீட்டுப் பணத்தில் படிக்கிற பிள்ளை என்று ஊருக்குத் தெரிந்துவிடும். வித்தியாசம் தெரியாமல் இருக்க வந்தது என்று எங்கள் தலைமை ஆசிரியை சொன்ன சமாசாரம், வித்தியாசம் தெரிவதற்கென்றே பிறந்திருக்கிறது.

இதெல்லாம் பிற்பாடு. அன்றைக்கு என் அடுத்த கேள்வி வேறு. மாமாவும் அப்பாவும் போட்டுக்கொண்டு போன தொப்பிகளும் மஞ்சள். அதே கம்பெனி பஸ்ஸில் நீலத் தொப்பிகளும் ஏறின. அது ஏன்?

மாமா ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்தார். அவர் கண்ணில் ஒரு குறும்பு வந்து உட்கார்ந்தது எனக்கு இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை.

"எங்க கம்பெனிலயும் ஹவுஸ் இருக்குதுடா," என்றார். "நானும் உங்கப்பாவும் மஞ்சள் ஹவுஸ். நீலம் நம்ம எதிரி."

மஞ்சள் என்றால் ஒப்பந்தத் தொழிலாளி, நீலம் என்றால் நிரந்தரம், வெள்ளை என்றால் அதிகாரி. பெரியவர்களுக்கு இது ஒரு வரி. மஞ்சள் தொப்பிக்காரரை ஒப்பந்தக்காரர் எந்த மாலையிலும் கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்பது இரண்டாவது வரி. எனக்கு இரண்டு வரியும் தெரியாது. எனக்குத் தெரிந்தது, நாங்கள் மூன்று பேரும் ஒரே ஹவுஸ் என்பது. அந்த ஆனந்தத்தில் நான் அன்று இட்லியை எண்ணாமல் தின்றேன்.

மாமாவின் தொப்பியில் இன்னொரு அதிசயமும் இருந்தது. பின்னால் பட்டை. இழுத்தால் பெரிதாகும். நான் போட்டுப் பார்த்தேன். பூசணிக்காய்க்குப் பொருந்தியது. விளையாட்டு விழாவுக்கு இதைக் கொடு என்று மாமாவின் காலைப் பிடித்துக்கொண்டேன்.

"அது மட்டும் முடியாதுடா. தொப்பி இல்லைன்னா கேட்லயே நிறுத்திருவான். ஆளுக்கு ஒண்ணுதான் தருவாங்க."

"ஒரே ஒரு நாள் மாமா."

"ஒரு நாளும் ஆவாது. வேற எது வேணா கேளு."

மாமா எனக்கு முடியாது என்று சொன்ன முதல் விஷயம் அதுதான். அப்பாவிடம் கேட்கவே இல்லை. அப்பா கேள்விக்குப் பதிலாகப் பேப்பரைப் பிரித்துக்கொள்கிற ஆள்.

ஆயுத பூஜை வந்தது. வருடத்தில் அந்த ஒரு நாள்தான் குடும்பங்களைக் கம்பெனிக்குள் விடுவார்கள். மெஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. வழக்கமாகச் சத்தம் போடுகிறவை எல்லாம் அன்றைக்குக் குளித்துவிட்டு உட்கார்ந்த பெரிய மனிதர்கள் மாதிரி அமைதியாக இருந்தன. கேட்டருகே பூசணிக்காய் உடைத்தார்கள். எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

பொரிப் பொட்டலமும் இனிப்புப் பெட்டியும் வெள்ளைத் தொப்பி போட்ட மேனேஜர் தன் கையால் கொடுத்தார். வரிசையில் எங்கள் முறை வந்தது. அவர் குனிந்து, "தம்பி என்ன படிக்கிறீங்க?" என்றார்.

"மூணாவது, சார். மஞ்சள் ஹவுஸ். நீங்க வெள்ளை ஹவுஸா?"

மேனேஜர் தன் தொப்பியைத் தொட்டுப் பார்த்தார். நல்ல மனுஷன். "ஆமா தம்பி, வெள்ளை ஹவுஸ்தான்" என்றார்.

நான் சுற்றிலும் பார்த்தேன். வெள்ளைத் தொப்பிகளை விரலில் எண்ணிவிடலாம். நீலம் கொஞ்சம். மற்ற இடமெல்லாம் கடுகு வயல் மாதிரி மஞ்சள்.

"அப்ப கோப்பை எங்களுக்குத்தான், சார். எங்க ஹவுஸ்லதான் ஆள் ஜாஸ்தி. எல்லா மெஷின்கிட்டயும் நாங்கதான் நிக்கறோம்."

வரிசையில் பின்னால் யாரோ இருமினார்கள். அப்பாவின் கை என் தோளில் இறுகியது. மேனேஜர் சத்தமாகச் சிரித்துவிட்டு எனக்கு இன்னொரு இனிப்புப் பெட்டி கொடுத்தார். வெளியே வந்ததும் அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மாப்ள, இவனுக்கு என்ன சொல்லி வெச்சிருக்கே?" என்றார். மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பையன் கரெக்டாத்தானே எண்ணியிருக்கான்" என்றார்.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு குறைந்தது. நீலத் தொப்பி வருகிறது என்று ஒரு செய்தி. அவர்கள் லைனில் ஒரே ஓர் ஆளுக்கு. போட்டியில் நிற்பது அப்பாவும் மாமாவும். அம்மா அடுப்படியில் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி, "யாருக்கு வந்தாலும் இந்த வூட்டுக்குத்தானே வருது" என்றாள். இருவருக்கும் சோறு போடும்போது கரண்டியால் அளந்து பார்த்துப் போட ஆரம்பித்தாள். இவருக்கு ஒரு அப்பளம் என்றால் அவருக்கும் ஒரு அப்பளம். மாமா மட்டும் எப்போதும்போல வாயடித்தார். எனக்கோ ஒரே பயம். எங்கள் ஹவுஸிலிருந்து ஒருவரை எதிரிகள் பிடித்துக்கொண்டு போகப் போகிறார்கள்.

அப்பாவின் சாப்பாட்டுப் பையைச் சோதனை போடுவது என் மாலை நேர வேலை. கேன்டீனில் டீயோடு தருகிற பிஸ்கட்டை எனக்காகக் கொண்டுவருவார். ஒரு நாள் அப்பா வெறும் தலையோடு வந்தார். பையில் கையை விட்டேன். பிஸ்கட் இல்லை. டிபன் பாக்ஸுக்கு அடியில் நான்காக மடித்து வைத்த ஒரு நீலத் தொப்பி.

நான் அதை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு ஓடினேன். "அப்பா எதிரியோட தொப்பியைப் புடுங்கிக்கினு வந்துட்டாரு."

கூடத்தில் மாமா சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார். அம்மா அடுப்படி வாசலில் நின்றாள். அப்பா செருப்பைக் கழற்றாமல் அப்படியே நின்றார்.

"அது என்னோடதுதான்டா," என்றார். என்னிடம் சொன்னார். பார்த்தது மாமாவை.

நான் அழ ஆரம்பித்தேன். சும்மா அழுகை இல்லை. பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அம்மா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து என்ன ஆச்சு என்று கேட்கிற அளவுக்கு. பெற்ற தகப்பன் நீல ஹவுஸுக்குப் போய்விட்டார் என்றால் பிள்ளை என்ன செய்வான்? மாமா வந்து என்னைத் தூக்கினார்.

"உங்கப்பன் கட்சி மாறிட்டாருடா. போவட்டும் வுடு. நாம ரெண்டு பேரு இருக்கோம்ல, பாத்துக்கலாம்." பிறகு அம்மாவைப் பார்த்து, "என்ன அக்கா நின்னுக்கினே இருக்கே? கேசரி கிண்டு. நல்ல சேதி வந்திருக்குது," என்றார்.

அம்மா கிண்டினாள். முந்திரி நிறையப் போட்டாள். முகத்தைப் பார்த்தால் சந்தோஷமா துக்கமா என்று சொல்ல முடியவில்லை. அடுப்புப் புகை என்றாள். எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு. மாமா இரண்டு தட்டுத் தின்றார். நான் கொள்கைப் பிடிப்போடு கேசரியைத் தொடாமல் இருந்தேன், கொஞ்ச நேரம்.

மறுநாளிலிருந்து கம்பெனி பஸ்ஸில் நீலத் தொப்பி ஒன்றும் மஞ்சள் தொப்பி ஒன்றும் ஏறின. முன்பு சேர்ந்து உட்கார்ந்தவர்கள் இப்போதும் சேர்ந்துதான் உட்கார்ந்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. எதிரியோடு என்ன பேச்சு?

விளையாட்டு விழாவுக்கு முந்தின நாள் எனக்கு இன்னும் தொப்பி இல்லை. பள்ளியிலிருந்து வந்து மூலையில் உட்கார்ந்திருந்தேன். மாமா அன்று சீக்கிரமே வீட்டில் இருந்தார். வாசல் படியில் உட்கார்ந்து, மடியில் எதையோ வைத்துக்கொண்டு, பிளேடால் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார். முடித்ததும் வாயால் ஊதினார். என்னைக் கூப்பிட்டுத் தலையில் வைத்துப் பட்டையை இழுத்து மாட்டினார்.

மஞ்சள் தொப்பி.

"நாளைக்குக் கொடுத்திடணுமா மாமா?"

"வேணாம். நீயே வெச்சுக்கோ."

கம்பெனிப் பேர் தைத்திருந்த இடத்தில் எழுத்துகள் இல்லை. வரிசையாகச் சின்னச் சின்ன ஊசி ஓட்டைகள் மட்டும் இருந்தன. பெரிய தலைக்குக் காற்றுப் போவதற்காக மாமா போட்டுக் கொடுத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். கட்சி மாறாமல் நின்றதற்கு எனக்குக் கிடைத்த பரிசு இது என்றும் நினைத்துக்கொண்டேன். அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை.

மறுநாள் பி.டி. சார் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மற்றவர்களுடையது எலுமிச்சை மஞ்சள், என்னுடையது மாம்பழ மஞ்சள். "சரி ஹோகு, போய் வரிசையில் நில்லு," என்றார். கொடியோடு அணி நகர்ந்தது. கையை வீசி நடந்தேன். தொப்பி அசையவே இல்லை. அவ்வளவு கம்பீரமாக என் தலை அதற்கு முன்னும் பின்னும் இருந்ததில்லை.

சிறப்பு விருந்தினர் மேடை வலப்பக்கம். மேடைக்கு நேராக வந்ததும் எல்லோரும் தலையை வலப்பக்கம் திருப்ப வேண்டும். திருப்பினார்கள், ஒருவனைத் தவிர. இடப்பக்க வேலிக்கு வெளியே அம்மாவோடு மாமா நின்றுகொண்டிருந்தார். வெளுத்த கட்டம் போட்ட சட்டை. கழுத்தில் எந்நேரமும் தொங்குகிற கம்பெனி அட்டை இல்லை. நான் இடப்பக்கம் திரும்பி, நெற்றியில் கை வைத்து அவருக்கு ஒரு சல்யூட் அடித்தேன். மாமா கைத்தட்டுவதை நிறுத்திவிட்டு, கையைத் தூக்கித் தானும் ஒரு சல்யூட் அடித்தார். அந்தக் குஷியில் நடை தவறி என் காலை நானே மிதித்தேன். மஞ்சள் ஹவுஸுக்குக் கடைசி இடம்.

அன்றைக்குக் கம்பெனிக்கு விடுமுறை இல்லை. ஷிஃப்ட் நேரம். அப்பா கம்பெனியில் இருந்தார். டை எதற்கு, கட்டம் எதற்கு, தொப்பி எதற்கு என்று ஊரையே படுத்தி எடுத்தவன் நான். தொப்பி இல்லாமல் மாமாவை இனிமேல் கேட்டில் எப்படி விடுவார்கள் என்று மட்டும் கேட்கவில்லை.