பூட்டிய வீட்டு ஓட்டு

வீடு வீடாய்ப் படியேறி, "இந்த ஆள் உயிரோட உண்டா, ஊரில் உண்டா?" என்று கேட்டு, நாய்க்கடிக்குத் தப்பி வருவதுதான் பூத் லெவல் ஆபீசர் வேலை. மற்ற நாளில் நான் அங்கன்வாடி டீச்சர். என்னைப் போல இந்த வேலையில் அகப்பட்டவர்களே, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல? போன பார்லிமெண்ட் தேர்தலில் ஒருத்தியின் ஓட்டை நானே கெடுக்கப் பார்த்தேன்.

மூன்று மத்தியானம்

ஓட்டர் சிலிப்பை வீட்டில் கொண்டு கொடுக்க வேண்டும். பிள்ளைகள் கஞ்சி குடித்து உறங்கும் நேரம்தான் எனக்கு ஒழிவு. ஆயாவிடம் அவர்களை விட்டுவிட்டு, கொளுத்தும் வெயிலில் கொல்லயில் ஊர் முழுக்க நடந்தேன். பட்டியலில் செலின் என்றொரு பேர். பூவாரில் இருந்த வீட்டைக் கடல் எடுத்தபின் இங்கே வாடகைக்கு வந்தவள் என்று மட்டும் தெரியும். ஆளைக் கண்டதில்லை.

மூன்று நாள் போனேன், மூன்று நாளும் பூட்டு. எரிச்சலோடு பக்கத்து வீட்டுக்காரியைக் கேட்டேன். துணி காயப்போட்டுக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: "மவளுக்க வீட்டுக்குப் போயிருப்பா, வேற எங்க போவா?"

அட்டைக்குப் பின்னால்

அந்த 'போயிருப்பா'வை நான் 'போனாள்' ஆக்கி, இடம் மாறியவர்கள் பட்டியலில் செலினையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். மறுநாள் நடக்க முடியாத பெரியவர்களுக்கு வீட்டிலேயே ஓட்டு. இரண்டு அதிகாரிகள், ஒரு போலீஸ், வழிகாட்ட நான்.

ஒரு வீட்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் அட்டை மறைப்பை வைத்ததும், மகன் அப்பாவின் தோளோடு ஒட்டி நின்றார். வெளியே நிற்கச் சொன்னால், "அப்பாவுக்குக் கை விறைக்கும் சார், நான் போட்டுத் தாறேன்" என்கிறார். அதிகாரி வாயைத் திறக்குமுன் கிழவர் முந்திக்கொண்டார்: "எலே, எனக்கு வேட்டி கட்டிவிடதுக்குத்தான் நீ. ஓட்டு என்னதாக்கும், அங்க மாறி நில்லு."

ஜீப் நின்ற இடம்

சிரித்துக்கொண்டே திரும்பினோம். குன்னத்துகால் ரோட்டில் டிரைவர் சாளை மீன் வாங்க ஜீப்பை நிறுத்தி, "செலினே, நல்லதாப் போடு" என்றார். அந்தப் பேரைக் கேட்டதும் ஜீப்பைவிட்டு இறங்கினேன். எங்கள் வீட்டில் மீன் ஏறாது. ஊர் முழுக்கத் தெரிந்த மீன்காரியை எனக்குத் தெரியாமல் போனது அதனால்தான். வீடு எங்கே என்று கேட்டேன். அதே பூட்டிய வீடு.

விடியுமுன் பூவார் கரைக்குப் போனால் அந்திக்குத்தான் திரும்புவாளாம். நான் போனதெல்லாம் அவள் விற்றுக்கொண்டிருந்த நேரம். என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்துக் கேட்டாள்: "எல்லாருக்கும் சிலிப் வந்தாச்சு. எனக்கு மட்டும் ஏன் வரல்ல டீச்சரே?"

விரலில் மை

அப்போதே மேலதிகாரிக்கு போன் போட்டேன். பட்டியல் போயாச்சு, இனித் திருத்த முடியாது. ஆனாலும் பேர் வெட்டுப்படவில்லை. அடையாள அட்டையோடு வந்தால் சோதித்துவிட்டு விடலாம் என்றார். அதைச் செலினிடம் சொல்லி, "கட்டாயம் வரணும்" என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஓட்டு நாளில் மீன் பாத்திரத்தைப் பள்ளிக்கூட வாசலில் வைத்துவிட்டு வந்தாள். உள்ளே ஒரு கட்சி ஏஜெண்ட், "ஊரைவிட்டுப் போன ஆளாக்கும், விடப்பிடாது" என்று எழுந்துவிட்டார். வெளியே உதவி மேசையில் இருந்த என்னைக் கூப்பிட்டார்கள். "அவ எங்கயும் போகல்ல. நான்தான் நேரம்கெட்ட நேரத்தில் போய்த் தப்பா எழுதினேன்" என்றேன். சொல்லும்போது முகம் வெந்தது. அதிகாரி அட்டையையும் முகத்தையும் இரண்டு தடவை ஒத்துப் பார்த்தார், உறுதிமொழியில் கைநாட்டு வாங்கினார், மை வைக்கச் சொன்னார். வெளியே வந்து நின்றேன். மெஷின் நீளமாகக் கூவியபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

செலின் மை விரலை ஊதிக்கொண்டே என் முன்னால் வந்தாள். கோபமில்லை, சிரிப்புத்தான். "கடலுக்குப் போய் வராத எனக்க மாப்பிள்ளைய இல்லேன்னு எழுத ஏழு வருசம் வேணும்ன்னு ஆபீசில சொன்னாவ. என்னைய இல்லேன்னு எழுத உங்களுக்கு மூணு மத்தியானம் போதும், என்ன டீச்சரே?"

இப்போதெல்லாம் பூட்டிய வீட்டைக் கண்டால் பேனாவை எடுப்பதில்லை, மீன் சேராத வீட்டுக்காரியான நான் மூக்கைப் பொத்திக்கொண்டு ஆளைத் தேடி முதலில் சந்தைக்குத்தான் போகிறேன்.