அக்கா கொண்டுவரும் மாத்திரை

நர்சிங் கல்லூரியில் மருந்தியல் நடத்துவது என் பிழைப்பு. இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்துகளுக்கு வரும்போதெல்லாம் விழுப்புரம் பஸ்ஸைத்தான் உதாரணம் சொல்வேன். ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிறோம் அல்லவா, இந்த மருந்தும் அதைத்தான் செய்கிறது. இதயத்தின் செல்களில் ஏற்பிகள் என்று இருக்கைகள் உண்டு. பயமோ பரபரப்போ வந்தால் அட்ரினலின் ஓடிவந்து அதில் உட்காரும், இதயம் வேகமெடுக்கும். மருந்து முன்னாலேயே துண்டு போட்டுவிட்டால் அட்ரினலின் நின்றுகொண்டுதான் வர வேண்டும். பிள்ளைகள் சிரிப்பார்கள், பரீட்சையில் மறக்காமல் எழுதியும் விடுவார்கள்.

அம்மா பல வருடங்களாக அந்த மாத்திரையைத்தான் போடுகிறாள். ரத்தக் கொதிப்பு, கூடவே படபடப்பு. ரெட்டியார்பாளையத்தில் எங்கள் தெருமுனை மெடிக்கலிலேயே அது கிடைக்கும். ஆனால் அம்மாவுக்குப் பிரான்சிலிருந்து அக்கா கொண்டுவருவதுதான் வேண்டும். அக்காவை ஒரு சொல்தா குடும்பத்தில், அதாவது பட்டாளக்காரர் வீட்டில் கொடுத்தோம். மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். கல்யாணமான கையோடு அக்கா பாரீஸ் போய்விட்டாள். மாசி மகத்துக்கு வருவாள். பெட்டியைத் திறந்தால் சாக்லேட், சென்ட், அங்குள்ள டாக்டரிடம் எழுதி வாங்கிய அம்மாவின் மாத்திரைகள். பிரான்சில் ஆள் இருக்கிற வீடுகளில் இது ஒரு சம்பிரதாயம். முட்டிக்குத் தடவும் தைலம்கூட விமானத்தில் வந்தால்தான் வலி போகும்.

"ரெண்டும் ஒரே மருந்துதாம்மா, பேருதான் வேற" என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

"நீ படிச்சவ, சொல்லுவ. அவ குடுக்கிறத போட்டாதான் எனக்கு நெஞ்சு அடங்குது. இது வெறும் சுண்ணாம்பு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். கூடவே இருந்து கஞ்சி வைத்துக் கொடுப்பவள் நான். மருந்து மட்டும் கடல் தாண்டி வர வேண்டும். ஆனால் அந்தக் கோபம் நிற்காது. அக்கா ஊருக்குத் திரும்பிய பிறகு அவள் விட்டுப்போன துண்டை நானே பல நாள் துவைக்காமல் வைத்திருந்திருக்கிறேன். ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசினாலும், பேசி முடித்தபின் வீடு முன்பைவிட வெறிச்சென்று ஆகிவிடுகிறது. எனக்கு அவளைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

போன வருடம் அக்கா வரவில்லை. தெரிந்தவர் ஒருவரிடம் மாத்திரை கொடுத்தனுப்பினாள், வழக்கத்தைவிடக் குறைவாக. அதனால் உள்ளூர் மாத்திரை வாங்கிவந்து அம்மாவிடம் கொடுத்து வைத்தேன். மறுபேச்சு பேசாமல் வாங்கிக்கொண்டாள். ஒருவழியாகப் புத்தி வந்தது என்று சந்தோஷப்பட்டேன்.

இந்த வருடம் மாசி மகத்துக்குக் கட்டாயம் வருகிறேன் என்றாள் அக்கா. அதற்குப் பிறகு அம்மாவுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. கை நடுங்கியது. மின்விசிறிக்கு அடியிலேயே வியர்த்தது.

"பொண்ணு வருதில்ல, அந்த சந்தோஷந்தான்" என்றார் எதிர்வீட்டுப் பெண்மணி. நானும் அப்படித்தான் நினைத்தேன். எனக்கே படபடப்பாகத்தான் இருந்தது.

அக்காவுக்குக் கருவாடு வாங்க வேண்டும் என்று அம்மா வைத்திக்குப்பத்துக்குக் கிளம்பினாள். நானும் போனேன். பேரம் பேசிக்கொண்டிருந்தவள் பக்கத்திலிருந்த படகைப் பிடித்தபடி மணலில் உட்கார்ந்துவிட்டாள். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். நாடி எண்ண முடியாத வேகத்தில் ஓடியது.

"மாத்திர போட்டியாம்மா?"

"தீந்துபோச்சு."

"நான் வாங்கியாந்தது?"

"அப்படியே கெடக்கு. அதான் அவ எடுத்தாறேன்னாளே. அதுவரிக்கும் பொறுத்துக்க மாட்டனா?"

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, வகுப்பில் மணி அடித்துவிடுமே என்று அவசரமாகச் சொல்லும் அந்தப் பாடத்தின் மிச்சம்தான் மனதில் ஓடியது. இருக்கைகளில் துண்டு கிடந்தால் உடம்பு சும்மா இருப்பதில்லை. வருகிறவர்களுக்கு இடம் இல்லையே என்று புதிய இருக்கைகளைப் போட்டுக்கொண்டே போகும். மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் பழைய இருக்கை, புதிய இருக்கை எல்லாம் காலி. வழக்கமாக வரும் அட்ரினலினுக்கே இதயம் தறிகெட்டு ஓடும். அதனால்தான் இந்த மாத்திரையைச் சட்டென்று நிறுத்தக் கூடாது. அம்மா பொறுத்துக்கொள்வாள். தானியங்கு நரம்பு மண்டலம் அவள் பேச்சைக் கேட்காது.

ஈசிஜி எடுத்தார்கள், மாத்திரையை மறுபடி தொடங்கினார்கள். நல்லவேளை, இதயத்துக்குச் சேதம் எதுவும் இல்லை. சாயங்காலத்துக்குள் நாடி இறங்கிவிட்டது. உள்ளூர் மாத்திரையைத்தான் கொடுத்தார்கள். அம்மா சத்தம் போடாமல் விழுங்கினாள்.

"அவகிட்ட சொல்லிடாதடி. பயந்துடுவா. வந்ததும் நானே சொல்லிக்கிறேன்" என்றாள். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அவள் கண்ணயர்ந்த பிறகு வராந்தாவுக்கு வந்தேன். போனில் அக்கா கூப்பிட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள். லீவு கிடைக்கவில்லையாம், டிக்கெட்டை ரத்து செய்துவிட்டாளாம்.

"அம்மாவ கவலப்பட வேணாம்னு சொல்லு. இங்கேருந்து ஒருத்தர் வராரு. மாத்திரய நெறையாவே குடுத்தனுப்புறேன்."

அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு நினைவில் இருந்தது. அதைக் காப்பாற்றவே நினைத்தேன்.

"மாத்திர இங்கயே கெடைக்குதுக்கா" என்றேன். "நீதான் கெடைக்கல."

அந்தப் பக்கம் அக்கா அழுவது கேட்டது. இரண்டு பேருமே போனை வைக்கவில்லை.