கீழ்ப் பட்டன்

பழைய சட்டையின் வயதை அறிய முதலில் அதன் கழுத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். இதை நான் கற்றுக்கொண்டது இரண்டாயிரத்துப் பன்னிரண்டில், இரணியலில், ரயில் போகும்போதெல்லாம் மேசையோடு சேர்ந்து நடுங்கும் ஒரு கம்ப்யூட்டரின் முன்னால். கற்றுக்கொள்ளாமலே இருந்திருக்கலாம்.

அடுத்தவன் உடுத்துக் கழித்த சட்டையை ஆசையாகத் தேடி வாங்கும் கூட்டம் ஒன்று இன்டர்நெட்டில் இருந்தது. லேபிளைப் படம் எடுத்துப் போடுவார்கள். நெய்ததா, அச்சடித்ததா என்று சண்டை போடுவார்கள். நான் அங்கே ஒரே ஒரு சட்டையைத்தான் தேடினேன். பச்சைக் கட்டம். கழுத்தில் ஒரு நங்கூரம் நெய்த லேபிள். அப்படி ஒன்றைத் தம்பிக்குக் கொடுத்திருந்தேன்.

அது கல்ஃபில், வெள்ளிக்கிழமைச் சந்தையில், தார்ப்பாயில் கொட்டிக் கிடந்த பழந்துணிக் குவியலிலிருந்து எடுத்தது. இரண்டாயிரத்து நாலு, டிசம்பர். மறுவாரம் ஊருக்கு லீவு. அமெரிக்காக்காரன் போட்ட சட்டை, நாற்பது வருசம் இருக்கும் என்றான் விற்றவன். பட்டன்கள் சிப்பி. விரலில் அவை குளிர்ந்ததாக நினைவு. கடைசிப் பட்டன் மட்டும் இல்லை. துவைத்து, தேய்த்து, பிளாஸ்டிக் கவரில் போட்டுப் புதிது என்று கொண்டுவந்தேன்.

தம்பி மோந்து பார்த்தான். "பாச்சா உருண்டை மணக்கு. எவனாவது செத்தவனுக்க சட்டையா அண்ணே?"

"ஏலே, புதுசுலே."

"புதுச்சட்டையில பட்டனை எலி தின்னுட்டோ?"

அம்மா சிரித்துக்கொண்டே டப்பாவைக் கிளறி, இருந்ததில் ஒரு வெள்ளைப் பட்டனை எடுத்துத் தைத்துக் கொடுத்தாள். கிறிஸ்துமஸ் பூசைக்கு அதைப் போட்டுக்கொண்டு போனான். மறுநாள் காலையிலும் கழற்றவில்லை. அந்தக் காலையில்தான் கடல் ஊருக்குள் வந்தது.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி வராந்தா. வரிசை. முகம் என்று சொல்ல எவருக்கும் முகம் இல்லை. துணியை நெஞ்சுவரை விலக்கினார்கள். பச்சைக் கட்டம். ஒருவர் காலரைத் திருப்பினார். நங்கூரம். "தம்பிதான்" என்றேன். அதற்குமேல் பார்க்க எனக்குக் கண் இல்லை. அடையாளத்துக்கு என்று காலரை மேல்பட்டனோடு வெட்டி ஒரு கவரில் போட்டுத் தந்தார்கள்.

கேட்டுக்கு வெளியே அம்மா நின்றாள். உள்ளே வர அவளை விடவில்லை. என் இரண்டு கையையும் பிடித்தாள்.

"கீழ்ப் பட்டன் பாத்தியா மக்கா? நான் தச்சது?"

"பாத்தேன்."

பார்க்கவில்லை. அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் குழி வெட்டினோம், சிலுவை நட்டோம், பெயர் எழுதினோம். பிறகு கடலின் சத்தம் கேட்காத தூரம் தேடி இரணியலுக்கு வீடு மாறினோம். நானும் கல்ஃபுக்குத் திரும்பவில்லை.

எட்டு வருசம் கழித்து அதே நங்கூரம் திரையில் தெரிந்தது. அதே மாதிரிச் சட்டை ஒன்று விற்பனைக்கு வந்திருந்தது. அதை வாங்கி என்ன செய்வேன் என்று தெரியாது. வாங்க வேண்டும், அவ்வளவுதான். விற்பவர் சென்னைக்காரர். என்னிடமும் இப்படி ஒன்று இருக்கிறது, வயது சொல்லுங்கள் என்று காலரைப் படம் எடுத்து அனுப்பினேன். அவரே போன் செய்தார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. உங்களுது காப்பி."

"எட்டு வருசமா எங்கிட்ட இருக்கு."

"எட்டு வருஷம் இருக்கலாம், நாப்பது வருஷம் இருக்காது. நங்கூரத்துல சுத்தின கயிறப் பாருங்க. ஒரிஜினல்ல இடப்பக்கம் தொங்கும், உங்களுதுல வலப்பக்கம். சந்தேகம்னா தையல் நூல ஒண்ணு உருவி நெருப்புல காட்டுங்க. பருத்தின்னா காகிதம் எரியற வாசனை வரும், சாம்பலாயிடும். பாலியஸ்டர்னா உருகி மணியாத் திரண்டுடும். அப்புறம் பட்டன். சிப்பி பல்லுல பட்டா ஜில்லுனு இருக்கும்."

"இந்தக் காப்பி எங்க ஊர்ப் பக்கமும் வந்திருக்குமா?"

"எந்த ஊருக்குத்தான் வரல? அந்த வருஷங்கள்ல பேல் பேலா, மூட்டை மூட்டையா வந்து இறங்கிச்சு. அதுலயும் பச்சைக் கட்டம்தான் நல்லா ஓடுச்சு." கொஞ்சம் இரக்கத்தோடு சொன்னார்: "யாரோ உங்கள நல்லா ஏமாத்திட்டாங்க சார்."

அம்மா மீன் வாங்கப் போயிருந்த நேரம் பார்த்துக் காலரை வெளியே எடுத்தேன். உப்பு இன்னும் போகாத துணி. ஒரு நூலை உருவித் தீக்குச்சியைக் காட்டினேன். எரியவில்லை. உருகிச் சுருண்டு கடுகளவு கறுப்பு மணியாகி நின்றது. பட்டனைப் பல்லில் வைத்தேன். என் நாக்கின் சூடுதான் அதிலும் இருந்தது.

சந்தைக்காரன் என்னை ஏமாற்றியிருந்தால், மண்ணுக்குள் கிடப்பது தம்பி. அவன் உண்மையைச் சொல்லி விற்றிருந்தால், நாங்கள் அழுதது எவனோ ஒருவனுக்கு. அவனுடைய அம்மா எந்தக் கரையில் நிற்கிறாளோ. தம்பி எங்கே, எந்த ஆழத்தில், எந்த மீனுக்கு. ஏமாந்திருக்க வேண்டும் ஆண்டவரே என்று வாழ்க்கையில் முதல்முறையாக ஜெபித்தேன். சிப்பியின் குளிர்ச்சி விரலில் இருக்கிறதே என்று விரல் சொன்னது. அது டிசம்பர் காலை. அந்த ஊரில் டிசம்பர் காலையில் எல்லாப் பட்டனும் குளிரும் என்று நான் விரலுக்குப் பதில் சொன்னேன். கிறிஸ்துமஸ் அன்று அந்தச் சட்டையோடு தம்பியை எடுத்து, சுவரில் மாட்டியிருந்த படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பெரிதாக்கினேன். தம்பியின் கழுத்து பச்சைச் சதுரங்களாக உடைந்தது. மேலும் பெரிதாக்கினேன். மேலும் சதுரங்கள்.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். உடல் கிடைத்தவர்கள் அவரவர் குழியில் திரி கொளுத்துவார்கள். கிடைக்காதவர்கள் நடுவிலிருக்கும் பெரிய சிலுவையின் அடியில் போய் நிற்பார்கள். எட்டு வருசமாக அம்மா அந்தப் பக்கம் போனதில்லை. அவர்களைப் பார்த்து உச்சுக்கொட்டுவாள். அவளுக்கு ஒரு குழி இருந்தது.

மணலைக் கையால் தடவி நிரப்பாக்கி மெழுகுதிரியை ஊன்றினாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தேன்.

"அம்மா, அந்தக் கீழ்ப் பட்டன்…"

அவள் கை நின்றது. "அதுக்கு இப்ப என்ன?"

"அன்னைக்கு நான்…"

"பாத்தேன்னு சொன்னியே மக்கா."

சிலுவையடியில் நின்ற பெண்களின் பக்கம் அவள் கண் போய்த் திரும்பியது. என்னைப் பார்க்கவில்லை.

"சொல்லு. பாத்தியா, இல்லியா?"

"பாத்தேன் அம்மா."

"என்ன நெறம்?"

"வெள்ளை."

"ரெண்டு ஓட்டையா, நாலு ஓட்டையா?"

டப்பாவிலிருந்து அவள் எடுத்தபோது நான் எதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேனோ.

"நாலு," என்றேன்.

அம்மா தீப்பெட்டியை உரசினாள். முதல் குச்சி அணைந்தது. இரண்டாவதும்.

"காத்தடிக்கி," என்றாள். "கையை வச்சு மறை."

மறைத்துக்கொண்டேன்.