டோரீனம்மா எழுதிக்கொடுத்த சீட்டு

ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்தில் மூன்றாவது வீடு சின்னத்தாயியுடையது. தண்டு என்று நாங்கள் சொல்லும் கன்டோன்மென்ட் பக்கம், டோரீன் என்ற ஆங்கிலோ இந்தியப் பெண்மணியின் வீட்டில் பதினோரு வருஷம் வேலை பார்த்தாள். புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். அந்தச் சம்பளம் வந்தால்தான் அடுப்பு எரியும். இவளைப் போல ஒரு ஏமாளியை நான் பார்த்ததில்லை. சொல்லும்போதே கோபம் வருகிறது.

அந்த வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி, அதில் ஒரே ஒரு தங்கமீன். தண்ணீர் மாற்றுவது சின்னத்தாயியின் வேலை. குழாய்த் தண்ணீரில் மருந்து வாடை அடிக்கிறது, ஒரு நாள் பிடித்து வைத்து அப்புறம் ஊற்று என்று டோரீனம்மா சொல்லியிருந்தாள். அங்கிருந்த பக்கெட் துருப்பிடித்து ஓட்டையானபோது, இவள் தன் கல்யாணச் சீரில் வந்த செம்புத் தவலையைத் தூக்கிக்கொண்டு போனாள். புளி போட்டுப் பளபளவென்று தேய்த்து அதில் தண்ணீர் பிடித்து வைத்தாள். சாமிக்கு வைக்கும் தண்ணீரையே நாங்கள் செம்பில்தான் வைப்போம்.

பத்து நாளில் மீன் சோர்ந்துவிட்டது. துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. சின்னத்தாயி அதை எனாமல் பேசினுக்கு மாற்றி, மண்பானைத் தண்ணீரில் கொஞ்சம் உப்புப் போட்டு, தினமும் பாதித் தண்ணீரை மாற்றி, எட்டு நாளில் பழையபடி நீந்த வைத்தாள். தொட்டியைக் கழுவி மறுபடி தவலைத் தண்ணீரை ஊற்றினாள். மறுநாளே மீன் மேலே வந்து மூச்சுக்குத் தவித்தது. செம்பில் நின்ற தண்ணீர் மீனுக்கு ஆகாது என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. திரும்பவும் பேசின், திரும்பவும் மண்பானை. மீன் பிழைத்துக்கொண்டது.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். போய்ச் சொன்னாள்.

“என் தவலைத் தண்ணியாலதாம்மா அதுக்கு சீக்கு வந்துச்சு. தெரியாம செஞ்சிட்டேன்.”

டோரீனம்மா சிரித்து, தோளைத் தட்டினாளாம். “பரவாயில்லே, சின்னத்தாயி. நீ நெஜம் சொன்னே. அது போதும்.”

1961-இல் டோரீனம்மா குடும்பத்தோடு இங்கிலாந்துக்குக் கப்பலேறினாள். தண்டில் ஒரு வீட்டை விட்டு இன்னொரு வீட்டில் சேர வேண்டுமென்றால் பழைய எஜமானி எழுதிக்கொடுத்த நற்சான்றுச் சீட்டு வேண்டும். டோரீனம்மா அதை இங்கிலீஷில் எழுதி, சின்னத்தாயியைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, கையில் கொடுத்துப் போனாள்.

அதை வைத்துக்கொண்டு இவள் ஐந்து வீடு ஏறி இறங்கினாள். வாங்கிப் படித்தார்கள், மடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள், ஆள் வேண்டாம் என்றார்கள். இரண்டு மாதம் இப்படியே போயிற்று. கடைசியில் என்னிடம் கொண்டு வந்தாள்.

“டீச்சரம்மா, இதுல என்னதான் எழுதியிருக்குன்னு பாருங்களேன்.”

படித்தேன். நல்ல உழைப்பாளி, கை சுத்தம். ஆனால் எங்கள் செல்ல மீனுக்கு விஷத் தண்ணீரை ஊற்றியவள், தானே ஒப்புக்கொண்டாள். குழந்தைகள் உள்ள வீட்டில் இவள்மேல் ஒரு கண் இருக்கட்டும். கீழே அழகான கையெழுத்து.

ஒரு வரி விடாமல் தமிழில் சொன்னேன். சின்னத்தாயி அழவில்லை.

“நான் சொன்னதத்தான எழுதியிருக்காங்க,” என்றாள். காகிதத்தின் மேல் விரலை வைத்துக் கேட்டாள். “மீன் பொழச்சத எழுதலையா டீச்சரம்மா?”

பின்பக்கத்தைக்கூடத் திருப்பிப் பார்த்தேன். எழுதவில்லை.